தோணியில் யாருக்கு இடம்? உலகம் அழியும் படங்களை ஊன்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கடலூரில் உட்கார்ந்துகொண்டு உலகம் அழியும் படம் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. திரையில் ஒரு பெருநகரத்தை நீலநிற அலை சுருட்டி விழுங்கிக்கொண்டிருக்கும். பின்வரிசையிலிருந்து யாராவது, "தண்ணி இப்படி அழகா வராதுப்பா, சேறும் சகதியுமா கறுப்பா வரும்" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கம் தலைமுறைகளாக நின்ற பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது. 2015இல் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் செய்திதான்.

இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு இந்த வகைப் படங்கள் பயம் காட்டுவதில்லை. ஆனால் அந்தப் படங்களைச் சரியாகப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல தகுதியும் வேறு இல்லை. புயல் ஓய்ந்த மறுநாள் இங்கே என்ன பேச்சு நடக்கும்? காற்றின் வேகம் பற்றியா? யார் வீட்டுக்கு முதலில் கரண்ட் வந்தது, நிவாரண டோக்கன் யாருக்குக் கிடைத்தது, பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது என்பதுதானே பேச்சு. படங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கட்டடம் சரியும் காட்சி கணினிக்காரர்கள் செய்வது. ஒரு சமூகம் எதற்குப் பயப்படுகிறது, எதை நம்புகிறது என்பது, தப்பிக்கும் படகில் யாருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்ற காட்சியில்தான் வெளியே வரும்.

கல்லூரியில் திரைப்பட ரசனை வகுப்பு எடுப்பவர்களுக்கும், நாலு நண்பர்களைக் கூட்டிப் படம் போட்டுப் பேசுகிறவர்களுக்கும் உதவும் என்று படிப்படியாக எழுதியிருக்கிறேன். தனியாகப் பார்ப்பவர்களுக்கும் இதே முறைதான்.

முதல் படி: படத்தை ஜோடியாக எடுங்கள்

ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்தால் அதில் நடப்பதெல்லாம் இயல்பாகத் தோன்றும். விண்கல் வந்தால் அமெரிக்க அதிபர் தொலைக்காட்சியில் பேசத்தானே வேண்டும் என்று நாமும் நம்பிவிடுவோம். அதே பயத்தை வேறு ஊர்க்காரர்கள் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். எனவே வெளியூர்ப் படம் ஒன்று, நம்முடையது ஒன்று.

தண்ணீர் என்றால் '2012' படமும் 'தசாவதாரம்' படமும். நோய் என்றால் 'கன்டேஜியன்', 'ஏழாம் அறிவு'. இரண்டும் 2011இல் வந்தவை. நடைப்பிணம் என்றால் கொரியாவின் 'டிரெயின் டு பூசன்', தமிழில் 'மிருதன்'. இவையும் ஒரே ஆண்டு, 2016. விண்கல் என்றால் 1998இன் 'டீப் இம்பேக்ட்', 2018இன் 'டிக் டிக் டிக்'.

முதல் தடவை பேசாமல் படத்தை ரசியுங்கள். நோட்டுப் புத்தகம் இரண்டாவது தடவைக்கு. வெளிநாட்டுப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் டப்பிங்கில் சிரிப்புக்காகச் சேர்த்த வசனத்தை வைத்து அந்த நாட்டின் மனநிலையை எடைபோடக் கூடாது. இரண்டாவது தடவை மூல மொழியிலேயே போட்டு, எழுத்து வசனத்தோடு பாருங்கள்.

இரண்டாம் படி: ஆண்டைக் குறியுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்

படம் வெளிவந்த ஆண்டை எழுதிக்கொண்டு, அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று தேடுங்கள். இதற்கு, கடலிலிருந்து ஒரு ராட்சத மிருகம் கிளம்பிவரும் ஜப்பானின் 'காட்ஜில்லா'வை (1954 நவம்பர்) விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நம் பக்கத்து மீன்பிடி ஊர்களுக்கு இது சட்டென்று புரியும் கதையும்கூட.

அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவுத் திட்டில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. குண்டு, கணக்குப் போட்டதைவிட மிகப் பெரிதாக வெடித்தது. தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மீது வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். கரை திரும்புவதற்குள் உடம்பில் கொப்புளம், தலைமுடி உதிர்வு. படகின் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்துபோனார். மீனில் கதிர்வீச்சு என்ற செய்தி பரவியதும் ஜப்பானில் சூரை மீன் வாங்க ஆளில்லை.

இப்போது படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கடலில் ஒரு கப்பல். வேலையாட்கள் மேல்தளத்தில் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள். திடீரென்று கண்ணைப் பறிக்கும் ஒளி, கப்பல் எரிகிறது. அடுத்து, கடலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் நிறுவன அலுவலகத்தில் மொய்த்துக்கொண்டு தகவல் கேட்கின்றன. மிருகம் இன்னும் திரைக்கே வரவில்லை. டோக்கியோவில் படம் பார்த்தவருக்கு அதற்குள் விஷயம் புரிந்திருக்கும். பிறகு ரயிலில் போகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள்: மீனில் கதிர்வீச்சு, மழையில் கதிர்வீச்சு, இப்போது இது வேறா? அதில் ஒரு பெண் நாகசாகியில் தப்பிப் பிழைத்ததைச் சொல்லி அலுத்துக்கொள்கிறாள். 1956இல் இந்தப் படத்தை அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் ஒரு அமெரிக்க நடிகரைச் சேர்த்துப் புதுக் காட்சிகள் எடுத்து ஒட்டினார்கள். அந்த ரயில் பேச்சைத் தூக்கிவிட்டார்கள். ஒரு படத்திலிருந்து எதை வெட்டினார்கள் என்று தெரிந்தால் வெட்டியவர்களுடைய பயமும் தெரிந்துவிடும்.

இந்தப் படியில் ஒரு பொறியும் இருக்கிறது. 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் நாயகன் கறுப்பினத்தவர். இரவு முழுக்க நடைப்பிணங்களோடு போராடிப் பிழைத்தவரை, விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த வெள்ளையர் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படியானால் படம் கிங்கைப் பற்றியதா? இல்லை, படப்பிடிப்பு 1967இலேயே நடந்துவிட்டது. எடுத்தவர்கள் நினைக்காத ஒன்றைப் பார்த்தவர்கள் அதில் கண்டார்கள். ஆகவே எடுத்தபோது இருந்த பயம் ஒரு பத்தி, பார்த்தபோது இருந்த பயம் இன்னொரு பத்தி என்று நோட்டில் பிரித்து எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கொரோனா நேரத்தில் 'கன்டேஜியன்' படத்தையும் 'ஏழாம் அறிவு' படத்தையும் "அன்னைக்கே சொன்னாங்க பாத்தியா" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்களே, அதுவும் இந்தக் குழப்பம்தான். கன்டேஜியன் எடுத்தவர்கள் ஜோசியம் பார்க்கவில்லை. 2003இன் சார்ஸ், 2009இன் பன்றிக்காய்ச்சல், நிபா வைரஸ் எல்லாம் கண்முன்னே நடந்தவை. விஞ்ஞானிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததிலிருந்து எடுத்தார்கள்.

மூன்றாம் படி: பழி யார் மேல்?

அழிவுக்குக் காரணம் என்று படம் யாரைக் கை நீட்டுகிறது? கடவுளா, இயற்கையா, அரசா, நிறுவனமா, அந்நியனா? ஒரே வரியில் எழுதுங்கள்.

நம் மரபில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. மணிமேகலையில் புகார் நகரம் கடலுக்குள் போவது, இந்திர விழா நடத்தத் தவறியதால். மகனை இழந்த துயரத்தில் சோழ மன்னன் விழாவை மறந்துவிடுகிறான், சாபம் பலிக்கிறது. எதிரி யாரும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் குற்றம். இன்றைக்கும் கரையோரத்தில் பெரிய அலை வந்தால், "அம்மனுக்கு இந்த வருஷம் சரியா செய்யலை" என்று ஒரு குரல் எழும். சிரிக்க வேண்டியதில்லை. யாரோ ஒருவர் பொறுப்பு என்று இருந்தால்தான் நடந்ததைத் தாங்கிக்கொள்ள முடிகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் படங்களுக்கு வாருங்கள். 'ஏழாம் அறிவு' படத்தில் பழி அந்நிய நாட்டின் மேல். மருந்து நம்முடைய மறந்துபோன அறிவில். மறந்ததுதான் குற்றம் என்கிற இடத்தில் அது மணிமேகலைக்குச் சொந்தக்காரன். 'மிருதன்' படத்தில், சிந்திப்போன ரசாயனத்தை ஒரு நாய் குடிப்பதில் தொடங்குகிறது எல்லாம். ஊட்டியில் நடக்கிற கதைதான், ஆனால் ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் கடலூர் முதுநகர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி வெறும் சாக்காகத் தெரியாது. வருத்தம் என்னவென்றால், படம் அந்த ரசாயனத்தை அங்கேயே விட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. கொரியப் படம் விடவில்லை. 'டிரெயின் டு பூசன்' நாயகன் பங்குச் சந்தைக்காரன். அவன் முட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய நிறுவனத்திலிருந்துதான் கசிவு என்று பாதி வழியில் அவனுக்கே தெரியவருகிறது. பழி நாயகனின் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது.

'2012' படத்தில் குற்றவாளியே கிடையாது. சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் உட்கருவைச் சூடாக்குகின்றன, அவ்வளவுதான். யாரையும் புண்படுத்தாத காரணம். உலகம் முழுக்க டிக்கெட் விற்க வசதியான காரணம். காரணமே இல்லாத அழிவைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

நான்காம் படி: தோணியில் யார்?

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். படம் பார்க்கும்போது ஏறியவர் பட்டியல், ஏறாதவர் பட்டியல் என்று இரண்டு எழுதுங்கள். யார் முடிவு செய்தார்கள் என்பதை நடுவில் எழுதுங்கள்.

'2012' படத்தை எடுத்துக்கொள்வோம். கதை தொடங்குவது இந்தியாவில், ஒரு செம்புச் சுரங்கத்தின் ஆழத்தில். ஆபத்தை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் இந்திய விஞ்ஞானி. உலகத் தலைவர்கள் ரகசியமாகப் பேழைகள் கட்டுகிறார்கள், சீனாவின் மலைகளுக்குள். பெரும் பணக்காரர்களுக்கு ஓர் இருக்கை நூறு கோடி யூரோ. ஒட்டகச்சிவிங்கியும் யானையும் ஹெலிகாப்டரில் தொங்கியபடி வந்து சேர்கின்றன. மோனாலிசா ஓவியத்தைக்கூட, போலியை மாட்டிவிட்டு, அசலை எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அந்த இந்திய விஞ்ஞானிக்கு? அழைத்துப்போக வருவதாகச் சொன்ன விமானம் வரவே இல்லை. மனைவியையும் மகனையும் அணைத்துக்கொண்டு, கடைசியாக அமெரிக்க நண்பருக்கு ஒரு போன் பேசிவிட்டு, அலைக்காகக் காத்திருக்கிறார். படம் அவருக்காகக் கண்கலங்குகிறது, ஒரு நிமிடம். ஓவியத்துக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கிடைத்த இடம், கண்டுபிடித்தவனுக்கு இல்லை. இதைப் படம் எடுத்தவர்கள் திட்டமிட்டு விமர்சனமாக வைத்தார்களா, கதைக்கு வசதியாக ஒரு சாவு தேவைப்பட்டதா? குழுவில் வாக்குவாதம் கிளப்ப அருமையான கேள்வி. எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு.

'டீப் இம்பேக்ட்' வெளிப்படையாகக் கணக்குச் சொல்கிறது. குகைகளில் பத்து லட்சம் பேருக்கு இடம். இரண்டு லட்சம் பேர் விஞ்ஞானிகள், மருத்துவர்கள் என்று முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மீதி எட்டு லட்சம் குலுக்கலில். 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் குலுக்கலே கிடையாது. வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள், அந்த அறிவிப்பு வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். நம்மூரில் இதே கதையை எடுத்தால் எந்தத் தயாரிப்பாளரும் இந்த விதியை அனுமதிக்க மாட்டார்.

சீனாவின் 'வாண்டரிங் எர்த்' 2019இல் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தது. சூரியன் பூமியை விழுங்கப்போகிறது என்றதும் அமெரிக்கப் படமாக இருந்தால் கப்பல் கட்டிக் கொஞ்சம் பேர் கிளம்புவார்கள். இவர்கள் பூமிக்கே எந்திரம் பொருத்தி, பூமியையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வீட்டை விட்டுப் போகக் கூடாது என்கிற பிடிவாதம். ஆனால் அங்கேயும் நிலத்தடி நகரத்துக்குள் போகக் குலுக்கல் உண்டு. பூமியைக் கொண்டுபோனாலும் எல்லோரையும் கொண்டுபோக முடிவதில்லை.

'டிரெயின் டு பூசன்' படத்தில் தோணி என்பது ஒரு ரயில் பெட்டி. நடைப்பிணங்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களை, பத்திரமான பெட்டியில் இருப்பவர்கள் கதவை அடைத்து வெளியே நிறுத்துகிறார்கள். கோட்டு சூட்டுப் போட்ட ஒரு நிறுவன அதிகாரி தூண்டிவிடுகிறார், நல்லவர்கள் தலையாட்டுகிறார்கள். தொலைக்காட்சியில் அரசு எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிறது. 2014 ஏப்ரலில் செவோல் கப்பல் கவிழ்ந்தபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி உள்ளேயே இருந்த பள்ளிப் பிள்ளைகள் உட்பட 304 பேர் உயிரிழந்தார்கள். அதைக் கண்ட கொரியர்களுக்கு அந்தத் தொலைக்காட்சிக் குரல் எப்படிக் கேட்டிருக்கும்?

நம் பக்கம் வாருங்கள். சீர்காழிக்குத் தோணிபுரம் என்று பெயர். ஊழி வெள்ளத்தில் உலகமே மூழ்கியபோது பிரணவத்தைத் தோணியாக்கி, அறுபத்து நான்கு கலைகளையும் ஆடையாக உடுத்தி, உமையோடு சிவன் மிதந்து வந்து தங்கிய இடம் என்பது தலபுராணம். கும்பகோணத்தில் அமுதக் குடம் மிதந்து வந்தது. கடலூரிலேயே, அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது கல்லே தெப்பமாகி அவர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. கரையேறவிட்ட குப்பம் என்று ஊருக்குப் பெயரே இருக்கிறது. இந்தக் கதைகளில் இருக்கை எண்ணிக்கை கிடையாது, டிக்கெட் கிடையாது. தோணியில் வருவது கலையும் வித்தும். மனிதர்கள் பிறகு முளைப்பார்கள். அதனால்தானோ என்னவோ, யாரை ஏற்றுவது என்ற இக்கட்டை முகத்துக்கு நேராகப் பார்க்கும் படம் தமிழில் அரிது. நாயகன் வருவான், எல்லோரையும் காப்பாற்றிவிடுவான். புயல் நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

ஐந்தாம் படி: காலம் கோடா, வட்டமா?

கிறிஸ்தவ நம்பிக்கையில் வரலாறு ஒரு தீர்ப்பு நாளை நோக்கிப் போகிறது. பரங்கிப்பேட்டை முஸ்லிம் பெரியவர்களைக் கேட்டால் கியாமத் என்னும் இறுதி நாளின் அடையாளங்களைச் சொல்வார்கள், சூரியன் மேற்கே உதிப்பது உட்பட. இரண்டிலும் முடிவு ஒரு தடவைதான். இந்துப் புராணங்களில் யுகம் முடியும், பிரளயம் வரும், மறுபடி தொடங்கும். மேலைநாட்டுப் படங்களில் கடிகாரமும் கவுண்ட்டவுனும் வருவதற்கும், நம் படங்களில் மறுபிறவியும் அவதாரமும் வருவதற்கும் இந்த வித்தியாசம் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று நீட்டிவிடாதீர்கள்.

2024இல் வந்த 'கல்கி 2898 ஏடி' இதற்குச் சுவையான சோதனை. மரபுக் கணக்குப்படி கலியுகம் கிறிஸ்துவுக்கு முன் 3102இல் தொடங்குகிறது, நீளம் 4,32,000 ஆண்டுகள். அப்படியானால் கல்கி வர இன்னும் நான்கு லட்சத்து இருபத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாக்கி. படமோ 3102லிருந்து சரியாக 6,000 ஆண்டுகளைக் கூட்டி 2898இல் நிறுத்திவிட்டது. கங்கை வற்றிய காசியில், ஊரின் தலைக்கு மேல் தொங்கும் ஒரு கட்டடம் எல்லா வளத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. புராணம் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்கிறது. இன்றைய ரசிகனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நான்கு லட்சத்தை எண்ணூற்றுச் சொச்சமாகச் சுருக்கிய அந்த அவசரத்தில்தான் நம் காலத்துப் பயம் இருக்கிறது.

நிஜ வாழ்க்கையில் இப்படி அவசரப்பட்டதும் உண்டு. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுகின்றன என்று நாடெங்கும் யாகங்கள் நடந்தன. 1979 ஜூலையில் ஸ்கைலாப் விண்கலம் தலையில் விழப்போகிறது என்று பீதி. கடைசியில் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. அந்தப் பீதியை வைத்து 2021இல் 'ஸ்கைலாப்' என்று தெலுங்கில் சிரிப்புப் படமே எடுத்தார்கள். மாயன் நாட்காட்டியைக் காட்டி, 2012 டிசம்பரில் உலகம் முடியும் என்ற புரளி வேறு. அந்த 2012 பிறந்த இரவில், தானே புயல் அடித்த கையோடு, கடலூர் இருட்டில் கிடந்தது. மாயன் நாட்காட்டியைப் பற்றிக் கவலைப்பட இங்கே யாருக்கும் நேரமில்லை, ஜெனரேட்டர் வாடகை எவ்வளவு என்பதுதான் கவலை.

ஆறாம் படி: இடிந்ததையும் இடியாததையும் எழுதுங்கள்

சுருக்கமான படி. '2012' படத்தில் ரியோவின் கிறிஸ்து சிலை உடைகிறது, வாடிகன் பசிலிக்கா சரிகிறது. மெக்காவின் கஅபாவையும் இடிக்க நினைத்ததாகவும், எதிர்ப்புக்கு அஞ்சி விட்டுவிட்டதாகவும் இயக்குநர் ரோலண்ட் எமரிக் வெளிப்படையாகச் சொன்னார். திரையில் எது இடிகிறது என்பதைக் கதை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் கிடைக்காது. தமிழ்ப் படங்களில் கோபுரம் சரிவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: முழுப் பயிற்சி, 'தசாவதாரம்'

2008 ஜூனில் வந்த இந்தப் படத்தைப் பயிற்சிக்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. கதை தொடங்குவது நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில். முடிவது சுனாமியில். இதுவரை சொன்ன படிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

ஆண்டு: சுனாமி முடிந்து மூன்றரை ஆண்டு. பழி: ஒரு பக்கம் கிருமி ஆயுதம் செய்த அமெரிக்க ஆய்வகம், இன்னொரு பக்கம் கோவிந்தராஜர் சிலையை நம்பி என்ற வைணவரோடு சேர்த்துக் கட்டிக் கடலில் வீசிய சோழ அரசு. பழைய சைவ வைணவச் சண்டையும் புதிய விஞ்ஞானமும் ஒரே கயிற்றில். காலம்: சிலை கடலுக்குள் போவதில் தொடங்கி, அதே சிலை கடல் கொந்தளிப்பில் கரைக்கு வருவதில் முடிகிறது, ஒரு முழு வட்டம். ஆனால் படம் அதைப் பட்டாம்பூச்சி விளைவு (எங்கோ நடக்கும் சிறு அசைவு வேறெங்கோ பெரிய மாற்றத்தைக் கிளப்பும்) என்று கணிதத்தின் பேரிலும் சொல்லிக்கொள்கிறது. பக்தர் பக்தியாக எடுத்துக்கொள்ளலாம், மற்றவர் தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

அடுத்து வருவதுதான் தொண்டையில் நிற்கிற இடம். அந்தக் கிருமியை அழிக்க நிறைய உப்பு வேண்டும். உப்பு நீரோடு அலை வருகிறது, கிருமி அழிகிறது, உலகம் பிழைக்கிறது. தேவனாம்பட்டினத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஒருவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அத்தனை சாவுக்கும் ஒரு பொருள் இருந்தது என்று ஆறுதல் அடைவாரா, என் பிள்ளையின் சாவு உங்களுக்கு மருந்தா என்று கோபப்படுவாரா? இரண்டும் நியாயம். காரணமில்லாமல் இத்தனை பேர் செத்தார்கள் என்பதைத் தாங்க முடியாத ஒரு சமூகம், காரணத்தைத் தானே செய்துகொள்கிறது. புகார் நகரத்துக்கு ஒரு சாபம் வேண்டியிருந்ததுபோல இந்தச் சுனாமிக்கு ஒரு பயன் வேண்டியிருந்தது என்பது என் வாசிப்பு.

தோணிக் கேள்வியைக் கேளுங்கள். மணல் கொள்ளையை எதிர்த்து நின்ற தலித் தலைவர் பூவராகன், தன் எதிரியின் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றப் போய் உயிரை விடுகிறார். மனநிலை பிசகிய ஓர் ஐயங்கார் பாட்டி அந்த உடலைத் தன் மகன் என்று நினைத்து மடியில் போட்டு அழுகிறார். படத்தின் மிக அழகான தருணம் என்று பலர் சொல்வார்கள். சாதி தாண்டிய அணைப்பு, உண்மைதான். ஆனால் அந்த அணைப்பு அவருக்குச் செத்த பிறகுதான் கிடைக்கிறது, அதுவும் ஆள் மாறாட்டத்தில். பத்து வேடத்தில் யார் பிழைக்கிறார், யார் சாகிறார் என்று நோட்டில் எழுதிவிட்டு, அந்தப் பட்டியலைக் குழுவில் உரக்கப் படியுங்கள். அரை மணி நேரம் பேச விஷயம் வரும். நேரம் கிடைத்தால் சிதம்பரம் கோயிலுக்கே போய், ஒரே இடத்தில் நின்று நடராசரையும் கோவிந்தராசரையும் பார்த்துவிட்டு வந்து மறுபடி பேசலாம்.

எட்டாம் படி: படத்தில் வராததைக் கேளுங்கள்

படத்துக்கு வேகம் வேண்டும், அதனால் மெதுவாக வரும் அழிவு திரைக்கு வருவதில்லை. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் போட்டபின் வடக்கே மணல் போவது தடைபட்டு, நகரத்துக் கடற்கரையே காணாமல் போனது. மணல் இருந்த இடத்தில் பாறைகள். பல ஆண்டுகள் கழித்துக் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் கொஞ்சம் மணல் திரும்பியது. இந்த முப்பது ஆண்டுக் கதையில் நாயகன் யார், உச்சக்காட்சி எது? வடக்கே வீடு இழந்த குப்பங்களுக்கு இதுதான் ஊழி. நீங்கள் பார்த்த படத்தின் பயம் எவ்வளவு வேகமானது என்பதைக் குறித்து, உங்கள் ஊரில் அதே பயம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

கூட்டாகப் பார்க்கும்போது

கடற்கரைக் குப்பங்களிலோ, சுனாமிக் குடியிருப்புகளிலோ படம் போடுவதாக இருந்தால், அலைக் காட்சி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போக நினைப்பவர் எழுந்து போக வசதியாகக் கதவுப் பக்கம் இடம் விடுங்கள். குழந்தைகளை முன்வரிசையில் திணிக்க வேண்டாம். டிசம்பர் 26ஐ ஒட்டிய நாட்களில் இந்தப் படங்களைப் போடவே வேண்டாம், அது அவர்கள் துக்க நாள்.

படம் முடிந்ததும் எடுத்த எடுப்பில் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்று பதில் வந்து பேச்சு அதோடு நின்றுவிடும். "யாரை விட்டுட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள். பெரியவர்கள் இருந்தால் அவர்களை முதலில் பேசவிடுங்கள். 1979 ஸ்கைலாப் பீதியில் ஊரில் என்ன நடந்தது, புயலில் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம், யார் யாரை உள்ளே விட மறுத்தார்கள் என்று பேச்சு தானாக ஓடும். இளையவர்கள் கையில் நோட்டு இருக்கட்டும்.

இரண்டு படம் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு மூன்றே காட்சிகள் போதும்: 'காட்ஜில்லா'வின் முதல் பத்து நிமிடம், 'டிரெயின் டு பூசன்' படத்தில் பெட்டிக் கதவை அடைக்கும் இடம், 'தசாவதாரம்' படத்தில் அலை வருவதிலிருந்து கடைசிவரை. இந்த வரிசையிலேயே போடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் படமும் முடியும், பேச்சும் தொடங்கிவிடும்.